இரண்டாம் டிவிஷன்

கார்த்திகை பிறந்தால் ஐஸ் விற்காது.
மீன்கடைக்கு நாலு பார்,
கல்யாண மண்டபத்துக்கு ரெண்டு.
மிச்சமெல்லாம் உமிக்குள் கிடக்கும்.
அந்த மாதங்களில்தான் முதலாளி முனிரத்தினம்
எங்களை ஹாக்கி ஆட விடுவார்,
அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டு.

குடியாத்தம் ஐஸ் கம்பெனி அணி.
மாவட்ட லீக், இரண்டாம் டிவிஷன்.
மூன்றாவது என்று ஒன்று இல்லை.
"நம்மள யாரு கீழ எறக்க முடியும்?"
என்பார் கேப்டன் வாஜித்
ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும்,
பஸ்ஸின் அதே ஜன்னலோரத்தில்.

நான் கோல்கீப்பர்.
இடது கால் காப்பு வெள்ளை, எங்களுடையது.
வலது பழுப்பு, பள்ளிக்கூடத்தில் இரவல்.
வெள்ளையில் பட்ட பந்து துள்ளித் திரும்பும்,
அடித்தவன் காலுக்கே போகும்.
பழுப்பில் பட்டால்
அங்கேயே படுத்துக்கொள்ளும்.
யாரும் பழுப்புப் பக்கம் அடிப்பதில்லை.

ராணிப்பேட்டையில் ஆறு வாங்கினோம்.
ஆம்பூரில் நான்கு.
வேலூரில் எத்தனை என்று
பிச்சாண்டியிடம் இன்னும் யாரும் கேட்பதில்லை.
அன்று கடலை விற்றவர் கோட்டுக்கு வெளியே நின்று
"ஐஸு உருகுதுடோய்" என்றார்.
மைதானமே சிரித்தது, எங்கள் ஆட்களும்தான்.
பிச்சாண்டி சிரிக்கவில்லை.
உடைந்த மூக்கைப் பொத்திக்கொண்டு
வானத்தைப் பார்த்துக் கிடந்தான்.

ஒன்று சொல்ல வேண்டும்.
எங்களிடம் ஐஸ் இருந்தது.
போகும் ஊருக்கெல்லாம் சாக்கில் சுற்றி அரை பார்,
டிரைவரோடு சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு போவோம்.
அடிபட்டவன் எந்தச் சட்டை என்று பார்த்ததில்லை.
சோளிங்கரில் எங்கள் ஐஸை முட்டியில் கட்டிக்கொண்டு
தேறி எழுந்தவன்தான்
கடைசி நிமிடத்தில் எங்களுக்கே கோல் போட்டான்.
போட்டுவிட்டு வந்து,
சாக்கை மடித்துக் கொடுத்தான்.

அரக்கோணத்து அணி
ரயிலைத் தவறவிட்டு வராமல் போனது.
நம்புங்கள், அரக்கோணத்து அணி.
ஆடாமலே இரண்டு புள்ளி.
சம்பங்கி எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கித் தந்தான்.
வியர்க்காத சட்டையோடு குடித்தோம்,
ஏதோ திருடியவர்களைப் போல.

தை முடியும்போது வாணியம்பாடியோடு கடைசி ஆட்டம்.
குப்புராஜ் அடித்தது கோலுக்கு அல்ல, ரூபனுக்கு.
ரூபன் விட்டுவிட்டான்.
பந்து அவன் கட்டைக்கும் காலுக்கும் நடுவே நழுவி
வலைக்குள் போய் நின்றது.
அந்த சீசனில் நாங்கள் போட்ட ஒரே கோல்.
விட்டவனையும் அடித்தவனையும்
சேர்த்தே தூக்கினோம்.

அவர்களும் ஒன்று போட்டார்கள்.
பிறகு பெனால்டி ஸ்ட்ரோக்.
வந்தவனுக்கு என் கால்களைப் பற்றி
யாரும் சொல்லவில்லை போலும்.
பழுப்பில் பட்டது.
படுத்துக்கொண்டது.

ஒன்றுக்கு ஒன்று.
ஒன்பது அணியில் ஒன்பதாவது இடம்.
செய்தித்தாளில் ஒரு வரி வந்தது:
'குடியாத்தம் ரைஸ் கம்பெனி.'
முதலாளி அதையும் வெட்டி
மின்கட்டண ரசீதுகளோடு குத்திவைத்தார்.

பங்குனி. இப்போது மூன்று ஷிப்டு.
ஊர் முழுக்க ஐஸ் கேட்கிறது.
கொக்கி போட்டு இழுத்து இழுத்து
மட்டை பிடித்த காய்ப்பின் மேல்
வேறு காய்ப்பு ஏறிவிட்டது.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு
லாரி வரத் தாமதம்.
நனைந்த சிமென்ட் தரை, கம்ப்ரஸர் இரைச்சல்.
பாரிலிருந்து தெறித்த முஷ்டியளவு துண்டை
வாஜித் கட்டையால் தட்டினார்.
அது உருளவில்லை. வழுக்கியது.
குப்புராஜுக்கு, அவனிடமிருந்து ரூபனுக்கு.
இந்தமுறை ரூபன் விடவில்லை.
கதவுக்கும் தராசுக்கும் நடுவே
செருப்புக் காலோடு நான் குனிந்து நின்றேன்.

ஒவ்வொரு தட்டுக்கும் சிறுத்துக்கொண்டே வந்தது.
எலுமிச்சை. நெல்லிக்காய்.
பிச்சாண்டி ஓங்கி அடித்தபோது
என்ன வந்ததென்று கண்ணுக்குத் தெரியவில்லை.
கணுக்காலில் சில்லென்று ஏதோ உரசியது.

திரும்பிப் பார்த்தேன்.
வாசல்வரை ஒரு ஈரக்கோடு.
அவ்வளவுதான்.

"கோலா?" என்றார் வாஜித்.

கோல்தான் என்றேன்.