காற்றில்லாத மதியம்

மொபீல் நகரத்தில் ஆகஸ்ட் மாதம்
சட்டை மாட்டுவதற்குள் நனைந்துவிடும்.
ஹேஸலின் டுபோஸ் போனில் சொன்னாள்:
"காற்றே இல்லை. ஓர் இலைகூட ஆடவில்லை.
விழுந்துவிட்டது."

போன வருடப் புயலில்
எதிர்வீட்டுக் கூரை பறந்துபோய்
பள்ளிக்கூட வேலியில் தொங்கியது.
இந்த ஓக் மரம் நின்றது.
இன்று மதியம் இரண்டரைக்கு,
அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கையில்,
இறால் படகு நீளத்துக்கு ஒரு கிளை
பக்கத்து வீட்டு லாட்னியரின் நீல லாரிமேல்
படுத்துக்கொண்டது.

கயிறும் ரம்பமுமாகப் போய்ச் சேர்ந்தேன்.
லாட்னியர் லாரியைப் பார்க்கவில்லை.
மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
வாங்கிய கடனை மறந்தவனைப் பார்ப்பதுபோல.

முதலில் அடிமரம். எப்போதும் அடிமரம்.
மரத்தூளை மலைபோல் குவித்து
மார்புவரை போர்த்தியிருந்தார்கள்,
ஏதோ குளிர் காய்ச்சல்காரனுக்கு மாதிரி,
இந்த ஊரில், இந்தப் புழுக்கத்தில்.
மண்டியிட்டுக் கையால் தள்ளினேன்.
உள்ளே வெண்பூஞ்சை, சுருண்ட மரவட்டைகள்.
ஊறிய ரொட்டிபோலப் பட்டை
விரலுக்கு இடம் கொடுத்தது.
"மரத்துக்குக் கணுக்கால் உண்டு, அம்மா.
அது வெளியே தெரிய வேண்டும்."
"கடைப் பையன் இப்படித்தான் போடச் சொன்னான்."
எல்லாத் தெருவிலும்
அந்தக் கடைப் பையன் இருக்கிறான்.

கணுக்காலைச் சுற்றி ஒரு வேர்.
அதன் வேர்தான்,
மண்ணுக்குள் போக வழி தெரியாமல்
தன்னையே வளைத்து இறுக்கிக்கொண்டிருந்தது.
உளியால் நாலு போடு. விட்டது.

பிறகு மேலே.
கிளைமுதுகில் பெரணி பழுப்பாய்ச் சுருண்டிருந்தது.
சாகவில்லை அது, ஒரு மழை போதும்,
பொழுது விடிவதற்குள் பச்சை.
"இந்தப் பாசிதானே மரத்தைக் கொன்றது?"
கீழிருந்து லாட்னியர்.
"இல்லை, சார். தாடிப்பாசி வாடகைக்கு இருக்கிறது.
மரத்தின் சோற்றில் கை வைப்பதில்லை."
சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

முறிந்த இடத்துக்கு வந்தேன்.
கிளையின் உட்புறம் நெடுக
வழித்தெடுத்த மொட்டை.
நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை,
சிங்கத்தின் வால்போல.
பாரம் முழுவதும் அந்தக் கோடியில்.
வெட்டுவாய்கள் தண்டோடு ஒட்ட அறுத்தவை.
கழுத்துச் சதையை விட்டு வெட்டியிருந்தால்
உதடு கூடி மூடியிருக்கும். மூடவில்லை.
மேலே கருந்தார் பூச்சு,
அடியில் அழுகல்.
ரம்பத் தடம் எல்லாம் ஒரே பக்கச் சாய்வு.
இடது கைக்காரன்.

பத்தொன்பது வயது. மணிக்கு ஒன்பது டாலர்.
முதலாளி கீழிருந்து கத்தினார்:
உள்ளே இருப்பதையெல்லாம் எடுடா,
காற்று புகுந்து போகட்டும்!
எடுத்தேன்.
இறங்கி நின்று பார்த்தபோது
அழகாகத்தான் இருந்தது.
இந்த வாசல்தானா?
அப்போது கதவு வெள்ளை.

மரம் கணக்கை அழிப்பதில்லை.
பதினான்கு கோடை
கையை நீட்டியபடி
ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தது.
ஐந்து புயல்களில் பிடித்த பிடியை
ஒரு சும்மா மதியத்தில் விட்டது.

இறங்கினேன்.
வாரம் ஒருமுறை தண்ணீர் என்றேன்,
மெதுவாக, ஆழமாக,
அடியில் வேண்டாம்,
கிளைநுனி நிழல் விழும் வட்டத்தில்.
மேலே இன்னும் மூன்று கிளை அப்படி இருக்கிறது,
ஒரே நாளில் எடுக்கக்கூடாது,
வருடத்துக்கு ஒன்றாகக் குட்டையாக்க வேண்டும்.
நானே வருகிறேன்.

"ஏன் விழுந்தது?" என்றார் லாட்னியர்.
வெக்கை, வறட்சி, உள்ளழுகல்.
மூன்றும் உண்மை.
மூன்றையும் சொன்னேன்.

"முன்பு ஒரு கம்பெனி வந்து வெட்டியது,"
ஹேஸலின் ஐஸ் தேநீர் எடுத்து வந்தாள்.
"ஒல்லியாக ஒரு பையன்.
இடது கையால் டம்ளர் வாங்கினான்.
மூன்று டம்ளர் குடித்தான், பாவம்."

நீட்டினாள்.
வலது கையால் வாங்கினேன்.