நிகர எடை

வாலிநோக்கம் உப்பளத்து எடைமேடையில்
இரவுப் பணி.
கடைசி லாரி ஒன்றேகாலுக்குப் போயிற்று.
அப்புறம் நானும் அதுவும்தான்:
எழுபத்து நாலாம் வருசத்து புல்லட்,
ஆறு வோல்ட்,
கீழக்கரை செய்யது யூனுஸ் விற்றது.
சாவி தரும்போது சொன்னார்,
"உப்புக்காத்து படாம வச்சுக்கங்க."
எங்கே வேலை என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

சாவியைத் திருப்பிக்
கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கினால்
ஆம்பியர் மீட்டரில் முள் துடிக்க வேண்டும்,
பாயிண்ட் மூடச் சரிந்து
திறக்க நிமிர்ந்து,
தூண்டிலில் ஓரா மீன் கொத்துகிற மாதிரி.
இன்று
கொத்தலாமா என்று யோசித்ததோடு சரி.
ஹாரன் அடித்தேன்.
சளி பிடித்த ஆடு ஒன்று
எங்கோ தூரத்தில் செருமியது.

பேட்டரியைக் குறை சொல்ல முடியாது.
முந்தாநாள்தான் சிக்கலில் கொடுத்து
ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றினேன்
(சிக்கல் எங்கள் பக்கத்தில் ஊர்ப்பெயர்).
பிளக்கைக் கழற்றிச் சிலிண்டர் மேல் கிடத்தி உதைத்தால்
மஞ்சளாய் ஒரு நூல்.
பொறி என்று சொல்லலாம்,
சொல்லாமலும் இருக்கலாம்.

தீப்பெட்டிப் பட்டையால் பாயிண்டைத் தேய்த்தேன்.
எடைச்சீட்டை மடித்து நடுவில் விட்டு இழுத்தேன்,
கரி வந்தது.
கண்டன்சர் மாற்றினேன்.
காயில் மாற்றினேன்.
பம்ப் ஷெட்டிலிருந்து கூரிச்சாமி
டார்ச்சோடு வந்து குத்தவைத்தான்.
"டயரத் தவிர எல்லாத்தையும் மாத்திட்டீக."
பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு,
"கரண்டு போற வழியவே பாக்குறீகளே,
திரும்பி வர்ற வழியப் பாத்தீகளா?"

வால்விளக்கு பல்பில் இரண்டு ஒயர் முறுக்கினேன்.
பேட்டரியின் இரு முனையிலும் வைத்தால் பளீர்.
ஒரு முனையை எடுத்து
இஞ்சின் மேல் வைத்தால்
சிவந்த ஒற்றை நரம்பு, அவ்வளவே.

எர்த் எடுக்கவில்லை.
ரப்பர் சக்கரத்தில் நிற்கிற வண்டிக்கு
மண் ஏது?
தன் இரும்பு உடம்பையே
மண்ணென்று நம்பிக்கொள்கிறது.
அந்த நம்பிக்கையை
சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட் பிடித்திருக்கிறது.

கழற்றினேன்.
வாசருக்குக் கீழே
வெள்ளையும் கொஞ்சம் பச்சையுமாய் மாவு.
நக நுனியில் எடுத்தேன்.
"நாக்குல வச்சுராதீக,
ஆசிட்டும் கலந்துருக்கும்."
இன்று இரவு மட்டும் பதினாலு லாரி,
முந்நூற்று நாற்பது டன்
என் கையெழுத்தில் வெளியேறியிருக்கிறது.
இது எந்தச் சீட்டிலும் இல்லை.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.

சாவியின் பல்லாலேயே சுரண்டினேன்
இரும்பு வெளுத்துத் தெரியும்வரை.
கிரீஸ் தடவி முறுக்கினேன்.
பிளக்கில் இப்போது நீலம்,
சத்தத்தோடு.
முள் இழுத்துக் கொத்துகிறது.

பதினோரு உதை.
ஒன்றும் இல்லை.
வோல்ட்டையும் வம்சத்தையும் சேர்த்துத் திட்டினேன்.
கூரி டார்ச்சைத் தாழ்த்தி
பெட்ரோல் டேப்பைக் காட்டினான்.

பன்னிரண்டாவதில் முழங்காலுக்குக் கீழே
பதில் உதை ஒன்று கொடுத்துவிட்டு
எழுந்தது.
உப்புக் குவியல்களில் மோதி
டபடபவென்று திரும்பி வந்தது சத்தம்.
நாய்கள் ஒருமுறை குரைத்துப் பார்த்து
விட்டுவிட்டன.

ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன்.
ஆறு மணிக்குத்தான் ஷிப்ட் முடியும்,
எங்கே போக?

கச்சான் வீசிக்கொண்டிருந்தது.
போர்த்திவைக்கலாம் என்று
தார்ப்பாய் தேடினேன்.
கூரி ஒன்று கொண்டுவந்து உதறினான்,
குவியல் மூடுகிற தார்ப்பாய்.
டார்ச் வெளிச்சத்தில்
நெடுநேரம் உதிர்ந்துகொண்டிருந்தது.