கத்தரிக்கோல்

திருடினதுகூட இல்லை,
பீன்ஸைக் கொடியோடு பிய்த்திருக்கிறானே
என்பதுதான் வெல்காவுக்குக் கோபம்.

ரீகாவில், கடைசி டிராம் நிறுத்தத்துக்கு அப்பால்
அவளுக்கு நாலு பாத்தி.
பீட்ரூட் இரண்டாம் மாடிக்குப் போகும்.
வெள்ளரி, இரவுப்பணி முடிந்து வரும் நர்ஸுக்கு.
பூச்சி விட்டுவைத்த முட்டைக்கோஸ்
அவளுக்கு.

பூட்டு வாங்கு என்றார்
பக்கத்துப் பாத்தி யூரிஸ்.
அவள் வேலிக்கம்பியில்
கத்தரிக்கோல் ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள்.
கூடவே ஓர் அட்டை:
‘காம்பில் வெட்டவும். பூவைத் தொட வேண்டாம்.’

மறுநாள்
வெட்டு சுத்தமாக இருந்தது.
பூவெல்லாம் அப்படியே.

மூன்றாம் நாள்
கத்தரிக்கோலையே காணோம்.
கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வாய்க்கு வந்தபடி திட்டினாள்,
மழை வரும்வரை.
பிறகு கடைச் சீட்டில்
உப்புக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே
இடுக்கி எழுதினாள்:
கத்தரிக்கோல் - 2.