இரண்டாம் பிணையாளி

பத்தொன்பது வருஷம் நான் வாசித்ததெல்லாம்
முன்னால் ஓடும் இலக்கம் மட்டும்.
நிந்தவூர்க் கேட்டடியில் என் மோட்டார்சைக்கிள் நின்றால்
கோழிகள் கலையும், ஒரு பிள்ளை உள்ளே ஓடிச் சொல்லும்:
"உம்மா, பில் வந்திருக்கு!"
ஆள் வந்திருக்கு என்று
ஒரு வீட்டிலும் சொன்னதில்லை.

சுஹைறா வீட்டில் மூன்று டீப் ஃப்ரீசர்.
ஐஸ் பழம், யோகட், கலியாண வீட்டு ஓடர்.
மாசம் நாற்பத்தோராயிரம்.
சிட்டையை நீட்டும்போது முகத்தைப் பாராமல்
வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன்.

மறுகா ஒரு நாள் வங்கிப் படிவத்தோடு நின்றா.
அஞ்சு கிலோவாட், பத்துத் தகடு.
வட்டியில் ஒரு பங்கை அரசாங்கம் தாங்குமாம்,
எண்பத்து நான்கு தவணை.
பிணைக்குக் கணக்கு வாத்தியார் ஓமெண்டுட்டார்,
மற்ற ஆளும் நிரந்தர உத்தியோகமா இருக்கோணுமாம்.
"நீங்க நிரந்தரம்தானே?"

கடலுக்கு முந்நூறு மீற்றர் தள்ளி நின்று
கேட்கிற சொல்லா அது.
சிரிக்காமல் கையெழுத்து வைத்தேன்:
க. குகதாசன், மானி வாசிப்பாளர், காரைதீவு.
வீட்டில் இரண்டு நாள்
சோறு மட்டும் பேசாமல் வந்தது.

படிவத்தில் கட்டம் இல்லாத செலவு ஒன்றிருந்தது:
பக்கத்து வளவுத் தென்னை.
பின்னேரம் இரண்டரைக்கு அதன் நிழல்
நாலாவது தகட்டில் வந்து குந்தும்.
காய்க்கிற மரமென்று ஒன்பதாயிரம் கேட்டார் வளவுக்காரர்.
சுஹைறா நிழலைக் காசு கொடுத்து வாங்கி
வெட்டிப் போட்டா.

கச்சான் அடிக்கிற மாசங்களில்
உப்பும் மில்லுத் தவிடும் தகட்டில் படியும்.
சுபஹுக்குப் பிறகு மகன் ஏணி வைத்துத் துடைப்பான்.
முதல் மாசம் மானியில் இரண்டு கணக்கு:
இறக்குமதி, ஏற்றுமதி.
"ஏற்றுமதியா? எந்த நாட்டுக்கு?"
"சாய்ந்தமருதுக்கு" என்றேன்.
ஃப்ரீசர் மூடியைப் பிடித்துக்கொண்டு சிரிச்சா.
ஒரு கேட்டடியில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

சித்திரை வருஷத்துக்கு அடுத்த நாள்
பலகாரக் கையோடு போனைத் திறந்தேன்.
நாடு லீவில் நிற்குது, கரண்ட் மிஞ்சுது,
கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தச் சொல்லவும்.

போனேன்.
"உம்மா, பிணைக்காரர் வந்திருக்கார்!"
வானத்தில் பேருக்கும் ஒரு முகில் இல்லை.
சொன்னேன். சுவிச்சை இறக்கினா.
சின்னப் பச்சை வெளிச்சம் அணைந்தது.

"எத்தனை நாளைக்கு?"
"அது சொல்லல்லை."
"வங்கிக்கும் இப்படி மெசேஜ் போகுமா?
இருபத்தஞ்சாம் திகதி தவணை.
அதையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி?"

என்னிடம் இருந்தது
ஒரு டோர்ச், இலக்கம் அடிக்கிற மெஷின்,
எங்கேயோ ஒரு ஃபைலின் அடியில்
என் பேர்.

ஃப்ரீசர் மூன்றும் உறுமத் தொடங்கின.
மானி பழைய பக்கம் கிறுகியது,
என் தொழிலின் பக்கம்.

கூரையில் சத்தம் கேட்டு அண்ணாந்தேன்.
லீவு நாளென்று பிந்தி எழும்பின மகன்
ஏழாவது தகட்டை
ஈரத் துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.
இறங்கு என்று சொல்ல
நாங்கள் இருவரும்
வாயெடுக்கவில்லை.