சூடு

நாற்பத்தொரு பெட்டிகள்.
கிளீவ்லாந்தில் பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை
சரக்கு லிஃப்டில் ஏறி வந்து சேர்ந்தது
பேராசிரியர் லூவீனியா பிராட்நாக்ஸின் உத்தியோகம்.

நான் எடை போடுகிறவன், எண் எழுதுகிறவன்.
துருவேறிய ஸ்டேப்லர் முள்ளைத்
தாள் கிழியாமல் பிடுங்கத் தெரியும்,
அவ்வளவுதான் எனக்கும் கவிதைக்கும்.

முதல் பெட்டி முழுக்க மறுப்புகள்.
"இது இலக்கியம் அல்ல, துண்டுப் பிரசுரம்"
என்று 1971-ல் ஒரு குழு.
"காலம் கடந்த தலைப்பு"
என்று 1984-ல் வேறொரு குழு.
நடுவில் எந்த வருஷம்
சரியான வருஷமாக இருந்தது என்று
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்.
யாருக்கும் அனுப்பவில்லை.

மற்றதெல்லாம் கறுப்பர்கள் எழுதி ஒட்டிய தாள்கள்.
தேவாலய நிலவறைகளில் சைக்ளோஸ்டைல் செய்து
இன்னும் மை வாடை போகாதவை,
சங்க நோட்டீஸின் முதுகில் எழுதியவை,
ஒன்று மட்டும் மளிகைப் பையில்.
பெயரில்லாத கவிதைக்குக் கீழே
"தெரியவில்லை" என்று எழுதமாட்டார் அம்மையார்.
"இன்னும் கேட்கவில்லை" என்று எழுதுவார்.

பெட்டி பதினேழு.
கிழக்கு எழுபத்தொன்பதாம் தெரு, ஜனவரி 1967.
ஒன்பதே வரி. கடைசி வரி:
எங்களுக்குச் சூடு இல்லை.

இந்த மூன்று சொல்லுக்கு
அவருடைய ஆய்வேட்டில் பதினோரு பக்கம்.
சூடு, சினம்.
சூடு, சொரணை.
அடிமையின் தோளில் இழுத்த சூடு.
இல்லை என்று சொல்லியே உண்டு என்று காட்டும் சாமர்த்தியம்.
அந்தப் பதினோரு பக்கம்தான் வேலை வாங்கித் தந்தது,
வேலையை நிரந்தரமாக்கியது.
மாணவர்கள் உருப்போட்டுத் தேர்வு எழுதினார்கள்.

பிறகு ஓர் ஒலிநாடா, 1998 ஆகஸ்ட்.
மிஸஸ் ஆர்லீதா ஸ்டப்பிள்ஃபீல்டுக்கு வயது எண்பத்திரண்டு,
ஓட்டல் சலவையில் முப்பது வருஷம்.
பின்னணியில் மின்விசிறி ஓடுகிறது.
"நான் எழுதினதுதான்."
"அந்தக் கடைசி வரி..."
"பாய்லர் உடைஞ்சுபோச்சும்மா.
டிசம்பர் முழுக்க வீட்டுக்காரன் எட்டிப் பார்க்கல.
வாடகை குடுக்காதீங்கன்னு
கதவுக்குக் கதவு ஒட்டினோம்."

மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம்.
அப்புறம் இரண்டு பெண்கள் சிரிக்கிறார்கள்,
இருமி, மூச்சு வாங்கி, மறுபடியும்.
"பாய்லர் சரியாச்சா?"
"பிப்ரவரியில."

அடுத்த பதிப்பிலும்
பதினோரு பக்கத்தை அவர் நீக்கவில்லை.
மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறார்:
"இதை எழுதியபோது
என் அறை கதகதப்பாக இருந்தது."

எங்கள் நிலவறை பதினாறு டிகிரி.
கூடினால் தாள் பழுக்கும், மை மங்கும்.
கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு
பெட்டி பதினேழை அலமாரியில் ஏற்றுகிறேன்.
அட்டவணைப் படிவத்தில்
"பொருள்" என்றொரு கட்டம் உண்டு.
எதிர்ப்பு, இனம், நகர்ப்புறம்,
அனுமதித்த சொற்களின் பட்டியல் கையில் இருக்கிறது.

பாய்லர் என்று எழுதினேன்.
அடிக்கவில்லை.