இதர பிடித்தம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
கம்ப்ரசர் ஓயாத ஒரு சந்து.
நூற்றுப் பதினாறு பேரின் சம்பளம்
என் விரல்வழியே போகிறது.
ஒருவர் தொகையை இன்னொருவருக்குச் சொல்வதில்லை என்று
என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.
எல்லோருக்கும் தெரிந்ததை
யாருக்குச் சொல்ல?

ஏழாம் தேதி சீட்டு வாங்க வருவார்கள்.
நஞ்சுண்டப்பா கடைசி வரியை மட்டும் பார்ப்பார்,
அதையும் கட்டைவிரலால் மூடி
மெல்ல மெல்லத் திறந்து,
ரம்மியில் கடைசிச் சீட்டை எடுத்தவர்போல.
ஷமீம் பானு படிக்கவே மாட்டாள்.
நாலாய் மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைப்பாள்:
"இங்க அழுதா மெஷின் சத்தத்துல வீணாப்போயிடும் மேடம்."

வெல்டிங் எபினேசருக்கு, தங்கவயல்காரர்,
மாதம் தவறாமல் ஒரே கேள்வி:
"இதர பிடித்தம் இருநூத்திப் பன்னண்டு.
இதரன்னா யாரு?"
திரையைத் திருப்பிக் காட்டுவேன்.
"அது தானா வருதுண்ணா."

எனக்கும் சலுகைகள் உண்டு.
இல்லாத என் கணவனுக்கும்
பிறக்காத இரண்டு பிள்ளைகளுக்கும்
மூன்று லட்சம்வரை மருத்துவக் காப்பீடு.
ஒசூரில் வாரம் இருமுறை
டயாலிசிஸ் கட்டிலில் படுக்கும் அப்பா
'குடும்பம்' என்ற கட்டத்துக்குள் வரவில்லை.

போன மாதம் ஒரு நியமனக் கடிதம் தட்டினேன்.
என் பக்கத்து நாற்காலிக்கு.
பிரணீத், வயது இருபத்துமூன்று.
வேலையை நான்தான் சொல்லித்தர வேண்டும்.
என்னைவிட நாலாயிரத்து முந்நூறு கூட.
எழுத்தால் எழுதும் இடத்தில்
'முப்பத்தோராயிரத்து நானூறு மட்டும்' என்று அடித்துவிட்டு
அந்த மட்டும் மேலேயே
கர்சரைக் கொஞ்சநேரம் துடிக்கவிட்டேன்.
பிறகு ஸ்பெல்லிங் சரிபார்த்து
வாழ்த்துகள் சேர்த்து அனுப்பினேன்.

இந்த ஏழாம் தேதியும் எபினேசர் வந்தார்.
வாய் திறக்குமுன் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
வராத நாலு நாளைக்குக் கேன்டீன், நூற்றிருபது.
சீருடை சலவை, அறுபது.
(யார் சலவை செய்கிறார்கள்?
"எம் பொண்டாட்டி.")
தொலைக்காத அடையாள அட்டைக்கு
மாதாமாதம் முப்பத்திரண்டு.
சீட்டின் பின்புறம் கூட்டிப் பார்த்தார்.
சரியாக வந்தது.
சரியாக வந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"உங்க சீட்டுல இதரம் எவ்ளோ மேடம்?"

ஒன்பது வருடத்தில்
என்னுடையதை நான் அச்சிட்டதே இல்லை.
பிரிண்டர் சூடாகக் கொஞ்சம் நேரமெடுத்தது.
வெளியே வரிசை நீண்டது.
அவர் ஸ்டூலைவிட்டு எழவில்லை.