வியங்கோள்

இது மூன்றாவது மடிக்கணினி.
முதலாவது கடற்காற்றில் உப்பேறிச் செத்தது.
இரண்டாவதில் நானே பிளேன்டீயை ஊற்றினேன்.
இந்த முறை அழவில்லை.

வெள்ளவத்தை, நாலாம் மாடி, விடாத மழை.
பென்டிரைவில் ஒரே ஒரு கோப்பு,
எண்பத்தேழு வரி.
அதில் எங்கேயும் ‘செய்’ இல்லை.
தமிழ் விசைப்பலகை இருக்க.
கறுப்புத் திரையில் எழுத்து சற்றுப் பெரிதாய் இருக்க.
இரவு ஏழுக்குப் பின் வெளிச்சம் மஞ்சளாகுக.
எப்படி என்பது உன் பாடு.

வியங்கோள் வினைமுற்று.
பரீட்சைக்குப் பாடமாக்கியது.
வாழ்க, ஒழிக என்று மதில்களில் கண்டதோடு சரி,
சொன்னதும் நடந்ததை
இங்கேதான் பார்க்கிறேன்.

இறங்கிக்கொண்டிருக்கிறது, நாற்பது வீதம்.
மருதானைக்குப் போகும் ரயில்
யன்னல் கண்ணாடியை ஆட்டிவிட்டுப் போகிறது.
“முடிஞ்சுதோ?” என்கிறாள் நிலுஜா, குசினியிலிருந்து.
இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கிறது.
பட்டியலில் இருந்து இங்கே இல்லாததைக் கொண்டுவரும்,
இங்கே இருந்து பட்டியலில் இல்லாததை
ஒரு சொல் கேட்காமல் அகற்றும்.

எனக்குத் தெரியும் இந்த முறை.
இரண்டாம் வகுப்பில் இருந்தேன்.
பொலிஸ் பதிவுப் படிவத்தில் அப்பா எழுதியிருந்தார்,
வீட்டில் இருப்போர்: ஐவர்.
விடியற்காலை வந்து எண்ணினார்கள்,
கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்து.
ஆறு என்றாலும் பிழை, நாலு என்றாலும் பிழை.
அன்றைக்கு நாலு.
சின்ன மாமா பாண் வாங்கப் போயிருந்தார்.
அம்மா அதையே மூன்று தரம் சொன்னாள்,
மூன்றாம் தரம் சிங்களத்தில்.
அவர் வந்துவிட்டார். பாணும் வந்தது.
யாரும் சாப்பிடவில்லை.

மீளத் தொடக்கினேன். கறுப்பு.
முப்பத்தோராம் வரியில் நான் போட்ட திருத்தம்.
அணைத்து அழுத்தினால் ஒரு கேள்வி வருகிறது:
தலைமுறை இரண்டா, தலைமுறை ஒன்றா?
எங்கள் வீட்டில் தலைமுறை என்றால்
யாராவது கட்டுநாயக்காவில் விமானம் ஏறுவது.
மாமா ஏறினார். பிறகு அக்கா.
ஒன்றைத் தட்டினேன்,
ஒரு மணித்தியாலத்துக்கு முந்திய நிலை
குறையில்லாமல் எழுந்து நின்றது.
கொஞ்சம் பொறாமையாய்த்தான் இருந்தது.

திருத்தத்தைத் திருத்தினேன்.
தேத்தண்ணியை எட்டத்தில் வைத்தாள் நிலுஜா.
ஆனியில் வீட்டுக்காரர் எழும்பச் சொல்லியிருக்கிறார்,
இன்னும் இடம் பார்க்கவில்லை.

மூடுமுன் ஒரு வரி கூட்டினேன், எண்பத்தெட்டாவது.
முன்னால் ஒரு கட்டக்குறி,
அதைக் கண்டால் கணினி அந்த வரியை விட்டுவிட்டுப் போகும்:

# ஒராள் பாண் வாங்கப் போயிருக்கிறார்